அடவு தெரியாதவர்கள் ஆடத் தொடங்க: மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

சின்ன வயதில் டான்ஸ் கிளாஸுக்குப் போனதில்லை, வயது 40-ஐத் தாண்டிவிட்டது, கல்யாண வீட்டில் ஆடக் கூப்பிட்டால் பந்திப் பக்கம் நழுவிவிடுவேன் என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்போகும் ஆட்டத்தில் அடவு கிடையாது, ஸ்டெப் கிடையாது, எதிரே நின்று செய்து காட்டும் வாத்தியாரும் கிடையாது. இசையைப் போட்டுக்கொண்டு, உடம்பு எப்படி அசைய நினைக்கிறதோ அப்படி அசைய விடுவது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' முதல் நாள் பலருக்கு மலையாகத் தெரியும். அதனால்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1942-இல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மேரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர், பேச்சே நின்றுபோன நோயாளிகளோடு சேர்ந்து அசைந்து அசைந்தே அவர்களை எட்டினார். நடன சிகிச்சை என்ற துறை வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1970-களில் கேப்ரியல் ராத் என்ற அமெரிக்கர் 'ஐந்து தாளங்கள்' என்று ஒரு முறையை வகுத்தார். மெல்லப் பாய்ந்து, வெட்டி வெட்டி அசைந்து, முழுக்கக் கலைந்து, இலேசாகி, கடைசியில் அசையாமல் நிற்பது என்று ஓர் அலை போல அது போகும். இன்றைக்குச் சென்னை, பெங்களூரு, ஆரோவில் பக்கமெல்லாம் இந்த மாதிரிக் கூடல்கள் நடக்கின்றன.

அதற்காக மதுரைக்காரர்கள் பஸ் ஏற வேண்டியதில்லை. இந்த ஊருக்கு ஆட்டம் புதிதா என்ன? சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது சல்லடம் கட்டி, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஆடி வருபவர்களுக்கு யார் ஸ்டெப் சொல்லிக்கொடுத்தார்கள்? சுற்றுப்பட்டு ஊர்களில் முளைப்பாரி வைத்துப் பெண்கள் விடிய விடியக் கும்மி கொட்டுகிறார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. நமக்கு ஆட்டம் திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து நெஞ்சு கனத்து வருகிற ஒரு பெண் ஆடுவதற்கு இந்த ஊரில் இடம் இல்லை. அந்த இடத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தலைக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்தால், எதைச் செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்ற பிடிப்பு வரும்.

தாளம் காதில் விழுந்தவுடன் கேட்கும் பகுதி மட்டும் வேலை செய்வதில்லை. அசைவைத் திட்டமிடும் பகுதிகளும், பேசல் கேங்க்லியா என்ற ஆழமான பகுதியும் சேர்ந்துகொள்கின்றன. காலாட்டாமல் உட்கார்ந்து கேட்டாலும் இது நடக்கும். அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. பிடித்த இசையில் உச்சம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரப்பதை 2011-இல் கனடா ஆய்வாளர்கள் ஸ்கேனில் காட்டினார்கள். ஆடத் தொடங்கியதும் சிறுமூளை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, தசையும் மூட்டும் தங்கள் நிலையைச் சொல்லி அனுப்பும் செய்திகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. டிரெட்மில்லில் நடக்கும்போது இவ்வளவு வேலை இல்லை.

சொல்லிக்கொடுத்த ஸ்டெப் இல்லாமல் ஆடும்போது இன்னொன்று கூடுகிறது. அடுத்தது என்ன என்பதை ஒவ்வொரு நொடியும் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் 6 ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, மனப்பாடம் செய்ததையும் மனோதர்மமாகத் தோன்றியதையும் வாசிக்கச் சொன்னார்கள். தோன்றியதை வாசிக்கும்போது, நம்மை நாமே கண்காணித்துத் திருத்திக்கொண்டே இருக்கும் முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி அடங்கியிருந்தது. ஸ்கேனருக்குள் படுத்துக்கொண்டு யாரும் ஆட முடியாது. அதனால் ஆட்டத்திலும் அப்படியே நடக்கிறது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற குரல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இந்த வழிகாட்டியில் வரும் ஏற்பாடுகள் எல்லாமே அந்தக் குரலை அடக்குவதற்காகத்தான்.

முதியவர்களைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் வெளியிட்டார்கள். கேட்டறிந்த உடலுழைப்புகளில் மறதிநோய் குறைவதோடு தொடர்பு காட்டியது நடனம் ஒன்றுதான். தொடர்பு இருந்தது என்பதுதான் முடிவு. நல்ல நிலையில் இருந்தவர்களே ஆடப் போயிருக்கவும் கூடும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் 18 மாதம் ஒரு குழுவுக்குப் புதிது புதிதாக நடனமும், இன்னொரு குழுவுக்கு ஒரே மாதிரியான உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்து 2017-இல் எழுதினார்கள். நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் இரண்டு குழுவுக்குமே கொஞ்சம் பெருத்திருந்தது. உடல் சமநிலை கூடியது நடனக் குழுவுக்குத்தான். 60 வயதுக்கு மேல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அதனால் எனக்கு இந்த இரண்டாவது முடிவே பெரிதாகப் படுகிறது.

மனச்சோர்வு பற்றி: 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 218 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். நடை, யோகா, எடை தூக்குதல் எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன. நடனத்தின் பலன் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதில் ஆடியவர்களின் எண்ணிக்கை குறைவு. ஆகவே நம்பிக்கையோடு ஆடலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு, கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, அடிக்கடி தலைசுற்றல் இருப்பவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூட்டுத் தேய்மானம் இருந்தால் குதிக்காமல், திரும்பும்போது பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பாதம் ஊன்றியிருக்க முழங்காலை முறுக்குவதுதான் ஆபத்து.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஆடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு ஆடக் கூடாது. கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, முடிந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

இடமும் நேரமும்

ஆறடிக்கு ஆறடி போதும். கட்டிலையோ டீப்பாயையோ சுவரோடு தள்ளினால் ஒண்டுக்குடித்தன வீட்டிலும் அந்த இடம் கிடைத்துவிடும். கண்ணாடி பதித்த பீரோ இருந்தால் அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்த நொடியில் கை தானாக 'அழகாக' மாறும், வயிறு உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஆடுவது நீங்கள் இல்லை. போன் கேமராவுக்கும் இதே விதி. ரீல்ஸ் எடுக்க ஆசையிருந்தால் வேறு நாளில் எடுங்கள்.

மொட்டை மாடி நல்ல இடம், ஆனால் மதுரை வெயிலைக் கணக்கில் வையுங்கள். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர். பகலெல்லாம் சுட்ட தளம் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கும். காலை ஐந்தரை மணிக்கு மேல் ஆறரைக்குள் ஆடிவிடுவது நல்லது. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுக்குக் கீழே இருந்தால் மாடியே வேண்டாம். கண்ணைப் பாதி மூடி ஆடப்போகிறோம்.

கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் இருந்தால் தடித்த ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் சத்தம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காலடியில் நழுவும். ரப்பர் மேட்தான் சரி. இல்லாவிட்டால் குதிகாலைத் தூக்காமல் ஆடுங்கள். குதிக்காமலே வியர்க்க ஆட முடியும்.

சாப்பிட்டு 2 மணி நேரம் ஆகியிருக்கட்டும். உடை எதுவானாலும் சரி, நைட்டி கால் தடுக்கும், சுடிதாரில் துப்பட்டா வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அரை மணி நேரம் கதவைத் தட்டாதீங்க." மாமியாருக்கு என்ன சொல்வது என்று கேட்கிறவர்கள் 'உடற்பயிற்சி' என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

இசையைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் இடறுவது இங்கேதான். பிடித்த சினிமாப் பாட்டைப் போடுவார்கள். பாட்டு தொடங்கியதும் திரையில் பார்த்த ஹீரோவின் ஸ்டெப் கைகாலுக்கு வந்துவிடும். மூளை அங்கே தேர்ந்தெடுப்பதில்லை, நகல் எடுக்கிறது. வரிகள் இருந்தால் பொருளின் பின்னால் மனம் போய், முகம் நடிக்கத் தொடங்கிவிடும். அதனால் முதல் சில வாரங்களுக்கு வரியே இல்லாத இசை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சினிமாப் பாட்டுக்குத் திரும்பிப் பாருங்கள், அதே பாட்டுக்கு உங்கள் உடம்பு வேறு மாதிரி ஆடும்.

நம்மிடம் இல்லாத இசையா? தொடக்கத்துக்குப் புல்லாங்குழலோ வீணையோ. சூடேறும்போது மல்லாரி: சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் நாதஸ்வரமும் தவிலும், நடையை அப்படியே தூக்கிக்கொடுக்கும். உச்சத்துக்கு நையாண்டி மேளமோ பறையோ. பறைக்கு உடம்பு கொடுக்கும் பதில் வேறு எதற்கும் கொடுப்பதில்லை என்பது என் கருத்து. அதன் அடி நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. தலைமுறை தலைமுறையாக அதை அடித்துக் காத்தவர்களுக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம். இறங்கும்போது தம்புராவின் சுருதி மட்டும் போதும்.

இவற்றை வரிசையாக 25 நிமிடத்துக்குப் போனில் சேர்த்து வைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரம் குறுக்கிட்டால் எல்லாம் கலைந்துவிடும். அதனால் டவுன்லோடு செய்துவிட்டு போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

முதல் 25 நிமிடம்

முதல் 4 நிமிடம் நில்லுங்கள். ஆட வேண்டாம். எந்தக் காலில் எடை அதிகமாக இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நாம் எல்லோரும் ஏதாவது ஒரு காலில் சாய்ந்துதான் நிற்கிறோம், எந்தக் கால் என்று நமக்கே தெரியாது. தெரிந்ததும் எடையை மெதுவாக அடுத்த காலுக்கு மாற்றுங்கள். திரும்ப இந்தக் காலுக்கு.

மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற ஊர்களில் வலக்கால் ஊன்றி இடக்காலைத் தூக்கியவர், இங்கே இடக்கால் ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். 64 கலைகளில் ஆடல் தவிர மற்றவற்றையெல்லாம் கற்ற இராசசேகர பாண்டியன், கடைசியில் அதையும் கற்கத் தொடங்கியபோது உடம்பு நொந்து, 'எனக்கே இப்படி வலிக்கிறதே, ஓயாமல் ஒரே காலில் ஆடுகிறவருக்கு எப்படி இருக்கும்' என்று உருகி வேண்டிக்கொண்டதாகத் திருவிளையாடல் கதை. தான் அசைந்து பார்த்த பிறகுதான் இன்னோர் உடம்பின் வலி அந்த அரசனுக்கு உறைத்தது. இந்தக் கதையை நினைத்துக்கொண்டே எடையை மாற்றுங்கள். 4 நிமிடம் போனதே தெரியாது.

அடுத்த 6 நிமிடம் உடம்பை ஒவ்வோர் உறுப்பாக எழுப்புவது. விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால். ஓர் உறுப்பு ஆடும்போது மற்றவை அதன் பின்னால் போகட்டும், முழங்கை இழுத்த பக்கம் உடம்பு போகட்டும். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றாமல் பக்கவாட்டில் மட்டும் அசையுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பலருக்கு உடம்பு மரக்கட்டையாக நின்றுவிடும். 'என்ன செய்யறதுன்னே தெரியல' என்பார்கள். அப்போது தெரிந்த வேலையின் அசைவிலிருந்து தொடங்குங்கள். எங்களோடு ஆட வந்தவர்களில் பூக்கட்டும் அக்கா ஒருவர் உண்டு. முதல் நாள் அவர் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். "பூக்கட்டுற மாதிரி கையை அசைச்சுப் பாருங்கக்கா" என்றதும், விரல்கள் உடனே வேலையில் இறங்கிவிட்டன. இரண்டு மொட்டு இப்படி, இரண்டு மொட்டு அப்படி, நாரைச் சுற்றி ஓர் இழுப்பு. அந்த இழுப்பை மெதுவாக்கச் சொன்னோம். இழுப்பு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறியது, முழங்கையிலிருந்து தோளுக்கு. தோள் திரும்பியதும் இடுப்பு திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கையில் இல்லாத நாரை அறை முழுக்க இழுத்துக்கொண்டு போனார். மல்லிகை மொட்டில் தொடங்கிய அசைவு, கடைசியில் வலை வீசுவது போல் விரிந்திருந்தது. அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பரோட்டா வீசுகிறவர், முறத்தில் புடைக்கிறவர், மவுஸைப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர் என்று எல்லோருக்கும் உடம்புக்குத் தெரிந்த அசைவு ஒன்று இருக்கும். அதை முதலில் பெரிதாக்குங்கள், பிறகு மெதுவாக்குங்கள், பிறகு எதிர்ப்பக்கத்துக் கையால் செய்யுங்கள். இந்த மூன்றும் போதும், உறைந்த உடம்பு இளகிவிடும்.

அடுத்த 8 நிமிடம் உச்சம். மேளம் ஏறட்டும். கண்ணைப் பாதி மூடுங்கள். பேச்சு வரவேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. மூச்சு வாங்குவதற்கு அதுதான் அளவு. பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்தால் தப்பில்லை, அலுக்கும்வரை வரட்டும், அலுத்ததும் தானே மாறும். சுற்றினால் தலை சுற்றுகிறதா? காதுக்குள் இருக்கும் திரவம் நாம் நின்ற பிறகும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருப்பதால் வருவது அது. நின்று, சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள், அடங்கிவிடும்.

பிறகு 3 நிமிடம் இறக்கம். இதை எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். வேகமாக ஆடியவர் சட்டென்று நின்றால் காலில் இறங்கிய ரத்தம் அங்கேயே தங்கிக் கண் இருட்டும், வெயில் காலத்தில் இன்னும் மோசம். கையை வீசி நடப்பது போல அசைந்துகொண்டே வேகத்தைக் குறையுங்கள்.

கடைசி 4 நிமிடம் பாயில் மல்லாந்து படுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சு விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை மட்டுப்படுத்துகிறது, துடிப்பு இறங்குவதை விரலால் மணிக்கட்டில் தொட்டே உணரலாம். உள்ளங்கை சூடு, முதுகு வியர்வை, காதில் நாடி அடிக்கும் ஓசை, இவற்றைப் பெயர் சொல்லிக் கவனியுங்கள். பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்த 4 நிமிடம் தனிப் பயிற்சி. நெஞ்சு படபடப்பது ஆபத்தின் அடையாளம் மட்டும் இல்லை, ஆடினாலும் அப்படித்தான் அடிக்கும், தானே அடங்கும் என்பதை அவர்கள் தங்கள் உடம்பிலேயே பார்க்கிறார்கள்.

எழுந்ததும் மோர் குடியுங்கள். உடனே போனை எடுக்க வேண்டாம்.

அழுகை வந்தால், சாமி வந்தால்

சிலருக்கு இறக்கத்திலோ படுத்திருக்கும்போதோ கண்ணீர் வரும். வரட்டும். பழைய துக்கமெல்லாம் தசைக்குள் பூட்டிக் கிடந்து ஆடும்போது திறந்துகொள்கிறது என்று சில பயிற்சியாளர்கள் விளக்குவார்கள். நான் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை. மூச்சு வேகமெடுத்திருக்கிறது, இசை நினைவைக் கிளறுகிறது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பிடி தளர்ந்திருக்கிறது, பகலில் ஒத்திப்போட்ட அழுகை அப்போது வருகிறது. காரணம் இவ்வளவாக இருந்தாலும் அழுது முடித்தவருக்குக் கிடைக்கும் லேசு உண்மையானது. பக்கத்தில் இருப்பவர்கள் "என்னாச்சு, என்னாச்சு" என்று சூழ்ந்துகொள்ளக் கூடாது. தண்ணீர்ச் சொம்பை அருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் ஆட்டம் முடிந்து மணிக்கணக்காகியும் நடுக்கம் நிற்கவில்லை, நடந்த கொடுமை கண்முன்னால் மறுபடி நடப்பதுபோல் வருகிறது, சாகத் தோன்றுகிறது என்றால் அங்கே ஆட்டத்துக்கு வேலை இல்லை. 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தயங்காமல் போங்கள்.

இனி, பெங்களூருப் பயிற்சியாளர்கள் அதிகம் பேசாத ஒன்று. எங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், குரலைத் தாழ்த்திக் கேட்பது: "உருமி சத்தம் கேட்டா எனக்கு வந்துரும்க்கா. ஆடலாமா?" இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அருள் வந்து ஆடுவது அந்தக் குடும்பத்துக்கும் ஊருக்கும் பொருள் உள்ள விஷயம். அங்கே பூசாரி இருக்கிறார், பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது, திருநீறு போட்டு மலையேற்றும் முறை இருக்கிறது. நம் அறையில் அது எதுவும் இல்லை. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒருவரை அந்த நிலைக்குக் கொண்டுபோவது நியாயம் இல்லை.

ஆகவே அப்படிச் சொல்பவர் இருந்தால் உருமி, பம்பை, உடுக்கை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். ஒரே தாளம் நெடுநேரம் மாறாமல் ஏறிக்கொண்டே போவதும் வேண்டாம், 3 நிமிடத்துக்கு ஒரு முறை இசை மாறட்டும். அவர் கண்ணைத் திறந்தே ஆடட்டும். கைகால் விறைப்பது, பல்லைக் கடிப்பது, பார்வை நிலைகுத்துவது தெரிந்தால் இசையை மெல்லக் குறைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தரையில் உட்காரவைத்து, உள்ளங்கையைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். எப்போதும் திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பயத்தோடு வந்தவர்கள்தான் மற்றவர்களைவிட நிம்மதியாக ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே உடம்பை நம்பத் தெரியும்.

எத்தனை நாள், எப்படித் தெரியும்

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் அந்த நடையை விட வேண்டாம். வாரத்தில் 3 நாள் ஆட்டம், மற்ற நாள் நடை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கூச்சமும் கெண்டைக்கால் வலியும்தான் மிச்சம் என்று தோன்றும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை மாதம் கொடுங்கள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் அன்றைய தூக்கத்துக்கும் எரிச்சலுக்கும் 10-க்கு ஒரு மார்க் போட்டு வாருங்கள், வெறும் நினைப்பு எது, உண்மையான மாற்றம் எது என்று அது சொல்லிவிடும்.

சேர்ந்து ஆடுவது

தனியாக ஆடிப் பழகிய பிறகு மாதம் ஒரு முறையாவது கூட்டமாக ஆடுங்கள். காரணம் இருக்கிறது. பிரேசில் பள்ளி மாணவர்களை வைத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், எல்லோரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியபோது வலி தாங்கும் அளவும் ஒருவரோடு ஒருவர் நெருக்கமும் கூடின. வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் எண்டார்பின் கூடியதன் அடையாளமாக அதை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு திசையில் ஆடும் ஆட்டத்தில் இந்தப் பங்கு குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் கூட்ட நாளில் முதல் முக்கால் பங்கு அவரவர் ஆட்டம், கடைசிக் கால் பங்கு கும்மி என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வட்டமாக நின்று கைதட்டி, ஓரடி முன்னே ஓரடி பின்னே. இந்தப் பக்கத்தில் கும்மி கொட்டத் தெரியாத பெண்கள் குறைவு, ஆண்கள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். மூன்று விதி சொல்லிவிடுங்கள்: வீடியோ கிடையாது, கேட்காமல் யாரையும் தொடக் கூடாது, யாருடைய ஆட்டத்தைப் பற்றியும் பிறகு பேசக் கூடாது, பாராட்டாக இருந்தாலும். பாராட்டு கிடைத்தவர் அடுத்த முறை பாராட்டுக்காக ஆடுவார். பெண்கள் மட்டும் கூடினால் கூச்சம் சீக்கிரம் போகிறது. கலந்து ஆடுவதை அவர்களே கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இடத்துக்கு அலைய வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் தெருவுக்குத் தெரு மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். தெரிந்தவர் மூலம் கேட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கரண்டு செலவை மட்டும் வாங்கிக்கொண்டு திறந்துவிடுகிறவர்கள் உண்டு. மேடை உள்ள ஹாலைக் காட்டுவார்கள். சாப்பாட்டுக் கூடமே போதும் என்று சொல்லி, அதன் தரையை முந்தின நாளே கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வழுக்கும்.